மூன்றுக்கு இரண்டு

பழைய வீட்டில் கண்ணாடியை மாட்டியது குத்தாலிங்கம்.
ஆறடி ஆள். மின்வாரியம்.
ஸ்டூல் போடாமல் பல்பு மாற்றுவார்.
அவர் கண்ணுக்கு நேரே ஆணி அடித்தார்.
பதினோரு வருஷம்
நான் என் நெற்றியை மட்டும் பார்த்தேன்.
பொட்டு எப்போதும் நேராக இருக்கும்.
மற்றதெல்லாம் உத்தேசம்.

பெருமாள்புரத்துப் புது வீட்டில்
சுவிட்ச் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே
மூன்றடி ஒன்றேகால் அங்குலம்
சும்மா கிடந்தது.
"இது எனக்கு" என்றேன்.
"சுவரா?" என்றார்.

டேப்பைப் பிடிக்கச் சொன்னால்
மேல்முனையைத்தான் பிடிக்கிறார்.
பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைச்
சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டிப் பார்த்தேன்.
ஒரு தாள்: பெரிய கவரில் சின்ன ஸ்டாம்பு.
நாலு தாள்: சுவரையே காணோம்.
இரண்டு தாளும் ஒரு கிழிசலும் சரியாக இருந்தது.
நாலு நாள் அப்படியே விட்டேன்.
போகும்போதும் வரும்போதும்
அதைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.
சிலிண்டர் போட வந்த பையன்
"என்னக்கா, சுவரு ஒழுகுதா?" என்றான்.

டவுனில், மேல ரத வீதிக் கடையில்
ரியாஸ் என்றொரு பையன் கேட்டான்:
"சட்டத்தையும் சேத்து அளந்தியளா?
பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் தின்னுரும்."
"எங்க போனாலும் சட்டம் அப்படித்தானப்பா"
என்றார் இவர்,
மெமோ வாங்கிய குரலில்.

ஆளுயரம் வேண்டும் என்றேன்.
"ஆளுயரம் தெரிய ஆளுயரக் கண்ணாடி எதுக்குக்கா?
பாதி போதும்.
தள்ளி நின்னாலும் பாதிதான், கிட்ட வந்தாலும் பாதிதான்."
விற்கிறவன் குறைத்துச் சொல்வானா?
மூன்றடி பின்னால் போனேன். முன்னால் வந்தேன்.
இரண்டு தடவையும்
செருப்பு வாரில் குத்திய ஊக்குவரை தெரிந்தது.

"எந்தப் பாதிங்கறதுதான் கேள்வி.
ஒங்களுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு.
ரெண்டு பேருக்கும்னா நாலுக்கு ரெண்டு எடுங்க,
ஆயிரத்து எண்ணூறு கூடும்."

இவர் பாக்கெட்டைத் தொட்டார்.
நான் இவர் கையைத் தொட்டேன்.
நாலடியை டிவிஎஸ்ஸில் கொண்டு போக முடியாது
என்பது நான் வெளியில் சொன்ன காரணம்.

வண்ணார்பேட்டை சிக்னலில்
மடியில் நிறுத்திப் பிடித்திருந்தேன், முகம் வெளியே.
இடப்பக்கம் வந்து நின்ற பஸ்ஸில்
ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி
என்னைப் பார்க்காமல் என் மடியைப் பார்த்து
தலையைக் கோதிக்கொண்டாள்.
பச்சை விழுந்தது.
பாதி கோதலில் போய்விட்டாள்.

தரையிலிருந்து அஞ்சடிக்குச் சட்டத்தின் தலை.
அவரேதான் ஆணி அடித்தார், குனிந்து.
"தாழ்வா இருக்கு வடிவு."
"இல்ல. நீங்க கொஞ்சம் கூடுதல்."

இப்போது எனக்கு நான் தெரிகிறேன்.
கழுத்து, இடுப்பு, கால்விரல்.
ரவிக்கைக் கை ஒரு பக்கம் இறக்கம்,
எத்தனை வருஷமாகவோ.
அவர் முன்னால் போய் நின்றால்
சட்டைப் பொத்தான்கள், பெல்ட்டு.
தலையில்லாத மின்வாரியம்.

சாயங்காலம் நான் பின்னல் போடும்போது
பின்னால், நாற்காலிக்கு அந்தப் பக்கம், வந்து நின்றார்.
எனக்கு அவர் முகம் முழுசாகத் தெரிந்தது.
"ஒங்களுக்கு என்ன தெரியுது?"
"நீ."
"நீங்க?"
இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார்,
அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார்.
"நான் இல்ல. நீ மட்டுந்தான்."
அதெப்படி என்று ரியாஸிடம்தான் கேட்கணும்.

பேப்பரை உரிக்க வரவில்லை,
சோறு அப்படிப் பிடித்துவிட்டது.
அதன் மேலேயே மாட்டியிருக்கிறோம்.
மணமகள் தேவைப் பக்கம் அது.
நல்ல உயரம் வேண்டும்,
ஐந்தரை அடிக்குக் குறையாமல் வேண்டும் என்று
கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில்
இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்கட்டும்.